மூங்கிலுக்கு ஒரு தனி அறை

மணிலாவுக்குத் தெற்கே, ஜீப்னி வண்டிகள் ஓயாமல் இரையும் ஊர் லாஸ் பின்யாஸ். அங்கே புனித சூசையப்பர் ஆலயத்துக்குள் போய்த் திரும்பி நின்று, வாசலுக்கு மேலிருக்கும் மாடத்தைப் பாருங்கள். பழுப்பேறிய மூங்கில்கள் வரிசையாக நிற்கும், கணுக்கள்கூடத் தெரியும். அதுதான் இந்தக் கோயிலின் ஆர்கன். மொத்தம் 1031 குழாய்கள், அவற்றில் 902 மூங்கில்.

ஸ்பெயினிலிருந்து வந்த தியேகோ செரா என்ற பாதிரியார் 1816இல் இந்த வேலையைத் தொடங்கினார். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் புதைத்து வைத்தார். பிறகு தோண்டியெடுத்து, உளுக்காமல் தேறியதை மட்டும் குழலாக்கினார். எக்காளம்போல முழங்க வேண்டிய குழாய்கள் மூங்கிலுக்கு வசப்படவில்லை. அவற்றை உலோகத்தில் செய்து, 1824இல் முடித்தார்.

அதன்பின் நிலநடுக்கமும் புயலும் மாறிமாறி வந்தன. குழாய்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. 1973இல் ஆர்கனைக் கழற்றி, ஜெர்மனியின் பான் நகரில் உள்ள கிளைஸ் என்ற ஆர்கன் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிக்கல். ஐரோப்பியக் குளிர்காலத்தில், சூடேற்றிய அறையின் காற்று வறண்டுபோகும். வெப்ப நாட்டு மூங்கில் அதில் விரிசல் விடும். பட்டறைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிலிப்பைன்ஸின் வெக்கையும் ஈரமும் குறையாத ஒரு தனி அறையை அமைத்து, அதற்குள் வேலை பார்த்தார்கள்! பழுதான மூங்கிலைத் தள்ளிவிட்டு உலோகக் குழாய் பொருத்தியிருந்தால் வேலை சுலபம்தான். ஆனால் செராவின் ஆர்கன் அதோடு போயிருக்கும். பழையதைப் புதுப்பிக்கும் எவருக்கும் இந்தப் பொறுமை வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

1975இல் ஆர்கன் ஊர் திரும்பியபோது வரவேற்கத் தெருவெங்கும் மக்கள் திரண்டார்கள். அதே காலத்தில் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ்கோ மன்யோசா ஆலயத்தையும் பழைய கோலத்துக்குக் கொண்டுவந்தார்.

ஒலி எப்படி? கட்டையை அழுத்தியதும் அடைப்பு திறந்து, காற்று குழலுக்குள் ஏறும். மூங்கில் குரலெடுக்கும் அந்தக் கணத்தில், நம் புல்லாங்குழலில் கேட்பதுபோலவே, காற்று உரசும் மெல்லிய இரைச்சலும் சேர்ந்து வரும். உலோக எக்காளங்கள் சேர்ந்தால் கோயில் முழுக்க அதிரும்.

பிப்ரவரி மாதம் போகப் பாருங்கள். ஆண்டுதோறும் அப்போது இங்கே மூங்கில் ஆர்கன் இசைவிழா நடக்கிறது. 2003இல் அடுத்த சுற்றுப் பழுதுபார்ப்பு தொடங்கியபோது ஆர்கனைக் கப்பலேற்ற வேண்டியிருக்கவில்லை. செராவின் பெயரையே தாங்கிய உள்ளூர்ப் பட்டறையின் கைவினைஞர்களே அதைச் செய்து முடித்தார்கள்.