கீழாநெல்லியும் உரைகல்லும்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் நடுவே, தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



காஞ்சி நகரத்து நெசவாளரை எவரும் எளிதில் ஏமாற்றிவிட இயலாது. பட்டு என்று சொல்லி ஒருவன் நூலை நீட்டினால், அதன் பளபளப்பைக் கண்டு அவர் மயங்குவதில்லை. ஓர் இழையைப் பிரித்தெடுத்து நெருப்பில் காட்டுகிறார். மயிர் பொசுங்கும் நாற்றம் எழுந்து, விரலிடையே நசுக்கினால் பொடியாகும் கரி எஞ்சுமாயின் அது பட்டு. தாள்போல் எரிந்து போகுமாயின் அது போலி. சரிகையையும் அவ்வாறே சுரண்டிப் பார்க்கிறார். வெள்ளிக்கு அடியில் செம்பட்டு நூல் தெரிகிறதா என்று தேடுகிறார். ‘கொண்டு வந்தவர் உறவினர் ஆயிற்றே, நம் ஊரார் ஆயிற்றே’ என்று அவர் விட்டுவிடுவதில்லை. உறவு வேறு, உரைகல் வேறு என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நெசவாளர் வீட்டிலேயே ஒரு பிள்ளைக்குக் கண் மஞ்சளித்தால் என்ன நடக்கிறது? உரைகல் பரண்மேல் ஏறிவிடுகிறது. ஒருவர் கண்ணில் சாறு பிழியச் சொல்கிறார். ஒருவர் கையில் சூடு போடச் சொல்கிறார். ஒருவர் சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவவைத்து, நீர் மஞ்சளாவதைக் காட்டிக் ‘காமாலை இறங்கிவிட்டது’ என்கிறார். சில மரப்பட்டைச் சாறுகளைக் கையில் தடவிச் சுண்ணாம்பு நீரில் கழுவினால், நோயற்றவன் கையிலிருந்தும் அதே மஞ்சள் இறங்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு புடைவைக்கு இத்துணை ஆய்வு. ஓர் உயிருக்கு ஆய்வே இல்லை! இஃது என்ன முறை?

முதலில் காமாலை என்பது யாது என்று காண்போம். அது தனியொரு நோயன்று, நோயின் அடையாளம். குருதியிலுள்ள சிவப்பணுக்கள் நாளும் முதிர்ந்து சிதைகின்றன. அச் சிதைவில் உண்டாகும் மஞ்சள் நிறப்பொருளைக் கல்லீரல் பிரித்துப் பித்தநீர் வழியே வெளியேற்றுகிறது. இவ்வொழுங்கு கெடும்போது அந்நிறம் குருதியில் மிகுந்து, கண்ணிலும் தோலிலும் தோன்றுகிறது. ஒழுங்கு கெடும் இடங்கள் மூன்று. சிவப்பணுக்கள் அளவிறந்து சிதையலாம், கல்லீரலே பழுதுபடலாம், பித்தநீர் செல்லும் குழாயைக் கல்லோ கட்டியோ புற்றோ அடைத்துக் கொள்ளலாம். மூன்றிலும் கண் மஞ்சளாகவே இருக்கும். ஆனால் மூன்றுக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியுமா? அடைத்துக்கொண்ட குழாயைக் கண்ணில் விட்ட சாறு திறக்குமா?

கல்லீரலைத் தாக்கும் நச்சுயிரிகளிலும் வகைகள் உண்டு. ‘ஏ’, ‘ஈ’ எனப்படுபவை, கழிவு கலந்த நீராலும் உணவாலும் பரவுகின்றன. ‘பி’, ‘சி’ எனப்படுபவை குருதி வழியாகவும், தூய்மை செய்யாத ஊசி வழியாகவும், உடலுறவாலும், பிள்ளைப்பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகின்றன. ‘ஏ’ வகை கண்ட பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர், மருந்து எதுவும் உண்ணாவிடினும், சில வாரங்களில் தாமே நலமடைகின்றனர். இங்கேதான் போலி மருத்துவனின் பிழைப்பு நடக்கிறது. நூறு பிள்ளைகளுக்கு அவன் சாம்பல் நீரைக் கொடுத்தாலும், ஏறத்தாழ அனைவரும் தேறிவிடுவர். உடல் செய்த வேலைக்குச் சாம்பல் பெயர் வாங்கிக்கொள்ளும். தேறியவர் ஊரெல்லாம் சொல்வர். தேறாமற் போனவர் வந்து சொல்ல மாட்டார்.

அப்படியாயின் நம் கீழாநெல்லியும் சாம்பல்தானா என்று அன்பர்கள் வருந்தக்கூடும். வருந்த வேண்டா, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது தமிழ்நாட்டு வரலாறே.

இலைக்குக் கீழே நெல்லிபோற் சிறுகாய் தாங்கி நிற்பதால் கீழாநெல்லி என்று பெயரிட்டனர் நம் முன்னோர். காமாலைக்கு அதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நாட்டு வழக்கு. இவ்வழக்கைச் சென்னைப் பல்கலைக்கழக அறிஞர் எசு. பி. தியாகராசன் குழுவினர் உரைகல்லில் உரைத்துப் பார்த்தனர். ‘பி’ வகை நச்சுயிரியைக் கண்டறிந்தமைக்காக 1976-இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க்கும் அக்குழுவில் சேர்ந்திருந்தார். ‘பி’ நச்சுயிரியை உடலில் நெடுநாளாகத் தாங்கியிருப்போரை அவர்கள் இரு கூறாக்கினர். ஒரு கூறினர்க்கு 30 நாள் கீழாநெல்லித் தூள். மற்றவர்க்கு மருந்தில்லாத வெறுந்தூள். முடிவு 1988-இல் இலண்டன் மருத்துவ இதழான ‘இலான்செட்டு’ ஏட்டில் வெளிவந்தது. கீழாநெல்லி உண்ட 37 பேருள் 22 பேர்க்கு, அஃதாவது நூற்றுக்கு 59 பேர்க்கு, குருதியில் நச்சுயிரியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறுந்தூள் உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்திருந்தது. தமிழ்நாடு தலைநிமிர்ந்தது.

ஆனால் அறிவியல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஒரு தறியில் ஒருமுறை வந்த கோலம், வேறு தறியில் வேறு கையிலும் வரவேண்டும். 1990-இல் தாய்லாந்து அறிஞர் இதனை மீண்டும் செய்து பார்த்தனர்; அப்பயன் கிட்டவில்லை. 1994-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வும் அவ்வாறே கைவிரித்தது. இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளிவந்த மதிப்பீடு, வெறுந்தூளினும் இது மேம்பட்டதென நிறுவப் போதிய சான்றில்லை என்றே முடித்தது.

இவற்றால் தெளிவன யாவை? ஒன்று: கீழாநெல்லி ஆராயத் தக்க மூலிகை; அதனை ஆராய்ந்தது மூடத்தனமன்று, பெருந்தொண்டு. இரண்டு: முதல் ஆய்வின் முடிவைப் பிற ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. மூன்று: 1988 ஆய்வு, நச்சுயிரியை நெடுநாள் தாங்கியிருப்போர்மேல் நடந்தது, கண் மஞ்சளித்துப் படுத்தவர்மேல் அன்று. ஆகவே ‘கீழாநெல்லி எல்லாக் காமாலையையும் தீர்க்கும், அறிவியலே ஒப்புக்கொண்டது’ என்று விளம்பரம் செய்பவன், பாதியைக் காட்டி மீதியை மறைக்கிறான். சரிகையின் ஒரு முனையை மட்டும் காட்டும் வணிகனுக்கும் அவனுக்கும் வேறுபாடு யாது?

‘தமிழ் மருத்துவத்தை ஐயுறலாமா? அஃது இனப்பற்றுக்கு மாறன்றோ?’ என்று கேட்பார் உளர். அவர்கள் மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துப் படிக்கட்டும். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் உரைத்தது இந்தக் காஞ்சி மாநகரில்தான். காண்டல், கருதல் என்னும் இரண்டே அளவைகள் எனப் பகுத்து, எவை போலிச் சான்று என்பதையும் அடுக்கடுக்காக அவர் விளக்குகிறார். வள்ளுவப் பெருந்தகையோ மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் நோயின் முதலை ஆராய்வதற்கு முதன்மை தந்தார். எனவே ஆராய்தல் மேலைநாட்டாரிடம் இரந்து பெற்ற பொருளன்று. ஆராயாது ஏற்பதே நமக்கு இடையில் வந்த இழிவு. தமிழ்ப்பெயர் சூட்டிய பொய்யும் பொய்யே. அதைத் தாங்கிப் பிடிப்பதால் தமிழுக்கு ஏற்றம் வாராது. அதன் பழி வந்து தமிழ்மேல் விழும்.

சொல்லளவில் நில்லாது, இல்லந்தோறும் செய்யத் தக்கவற்றையும் காண்போம்.

கண் மஞ்சளித்தால், முதலில் குருதியை ஆய்ந்து எவ்வகை என்று அறிதல் வேண்டும். வாந்தி நில்லாமை, உறக்க மயக்கம், பிதற்றல், குருதிக் கசிவு, வயிறு வீங்குதல், மலம் வெளுத்துப் போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒருநாளும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். கருவுற்ற தாய்க்குக் காமாலை வந்தால் அது கடுங்கேடு; ‘ஈ’ வகை, பேறுகாலம் நெருங்கிய தாய்மாரைக் கொல்ல வல்லது. பிறந்த குழந்தையின் மஞ்சளும் மருத்துவர் கண்ணில் படவேண்டும். உப்பையும் எண்ணெயையும் அறவே விலக்கி நோயாளியைப் பட்டினியிடுதல் அவரை மேலும் நலிவிக்கும். மது ஒரு துளியும் ஆகாது. மூலிகையானாலும் மாத்திரையானாலும் மருத்துவரைக் கேளாது உண்ணலாகாது. கல்லீரலைக் கெடுக்கும் பொருள்கள் இரண்டிலும் உண்டு.

வருமுன் காத்தல் அதனினும் சிறந்தது. கொதித்து ஆறிய நீரே ‘ஏ’, ‘ஈ’ வகைகளுக்குத் தடை. ‘பி’ வகைக்குத் தடுப்பூசி உண்டு. 2002-இல் இந்தியாவின் சில பகுதிகளில் தொடங்கி, 2011-இல் நாடு முழுமைக்கும் விரிந்த அவ்வூசி, அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடல் வேண்டும். ஏனெனில் பிறக்கும்போதே இந்நச்சுயிரி பற்றிய குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது நிலைத்துத் தங்கிவிடுகிறது. பிற்காலத்தில் ஈரல் சுருங்குதலுக்கும் ஈரற் புற்றுக்கும் அதுவே கரணியமாகிறது.

இனி எவரேனும் வந்து ‘இது கைகண்ட மருந்து’ என்றால், பெரியோர்களே, தாய்மார்களே, மூன்று வினாக்களைக் கேளுங்கள். எத்தனை பேர்க்குக் கொடுத்தீர்? கொடாதவர்க்கு என்ன ஆயிற்று? வேறொருவர் செய்து பார்த்தும் அப்பயன் கிட்டியதா? விடை கூறுவோரை மதியுங்கள். அவர் நாட்டு மருத்துவராயினும் ஆங்கில மருத்துவராயினும் ஒக்கும். விடை கூறாது சினப்பவரை வாயிலோடு அனுப்புங்கள். பட்டிழையை நெருப்பில் காட்டும் அந்தக் கை, மருந்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது.