கிளி எடுக்கும் சீட்டும் நாம் ஒட்டும் சீட்டும்



கோயில் திருவிழாக்களில் கிளி சோதிடரைப் பலரும் கண்டிருப்பீர்கள். கூண்டு திறந்ததும் கிளி வெளியே வருகிறது. அடுக்கிலிருந்து ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போடுகிறது. நெல்மணி ஒன்றைப் பெற்றுக்கொண்டு கூண்டுக்குள் போய்விடுகிறது. சீட்டில் இருப்பது ஒரு படம். அந்தப் படத்தை வைத்துத்தான் சோதிடர் பலன் சொல்கிறார். கிளிக்குத் தெரிந்தது நெல் மட்டுமே. பலன் பிறப்பது சொல்பவர் வாயிலும் கேட்பவர் மனத்திலும்தான்.

மேல்நாட்டிலும் இத்தகைய சீட்டுக்கட்டு ஒன்று உண்டு. 'டாரோட்' என்பது அதன் பெயர். மொத்தம் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அது விளையாட்டுச் சீட்டாகவே தோன்றியது. அதைக் கொண்டு குறி சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பரவியது. 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டுக்குப் பமிலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண் ஓவியர் படம் வரைந்தார். இன்றோ, பழைய ஓவியங்களின் பிரதிகளை வெட்டி ஒட்டித் தாங்களே சீட்டு செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த வேலையை நம் வீட்டிலும் செய்து பார்க்கலாம். குறி கேட்பதற்காக அல்ல, பிள்ளையின் மனத்தைக் கேட்பதற்காக.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. எத்தனையோ குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தன. போகலாமா, இருக்கலாமா என்று பெரியவர்கள் இரவெல்லாம் பேசுகிறார்கள். சுவரோரம் படுத்திருக்கும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று நேரே கேட்டாலும் அது வாய் திறப்பதில்லை. ஆனால் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டால் பேசும். ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் கண்டறிந்த உண்மை இது.

இதற்கு வேண்டியவை மளிகைக்கடையில் கொடுத்த பழைய காலண்டர், பழைய வார இதழ், கத்தரிக்கோல், பசை, உள்ளங்கை அளவு மணிலா அட்டை. சாமி படத்தைக் கத்தரிக்க நமக்கு மனம் வராது. வரவும் வேண்டாம். கதை மாந்தர் படங்களே போதும்.

அத்தகைய படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர் இராஜா இரவிவர்மா. 1848 முதல் 1906 வரை வாழ்ந்த திருவிதாங்கூர் ஓவியர். அவர் ஓவியங்கள் முதலில் அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலுமே இருந்தன. 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். அதன்பின் எளியவர் வீட்டுச் சுவரிலும் அவை ஏறின. அந்தப் படங்களுக்குத் துணியும் சரிகையும் ஒட்டி அழகு செய்தவர்களும் உண்டு. ஆகவே, ஒட்டுப்படக் கலை நமக்குப் புதிதன்று.

இப்போது ஒரு சீட்டு செய்வோம். இரவிவர்மாவின் சகுந்தலை, காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் நின்று துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாள். அவளை வெட்டி அட்டையின் நடுவில் ஒட்டுங்கள். தமயந்தி படத்திலுள்ள அன்னத்தை வெட்டி மேலே ஒட்டுங்கள். அது தூது சொல்லும் பறவை. பின்னால் ஒரு பால்மரமும் மங்கும் வேண்டும். படம் கிடைக்காவிட்டால் பிள்ளையே வரையட்டும். சீட்டுக்குப் 'புறப்பாடு' என்று பெயர் எழுதுங்கள்.

இனிப் பொருள் காண்போம். கேள்விகள் மூன்று. படத்தில் என்ன தெரிகிறது? எதன் அருகில் எது இருக்கிறது? நம் வீட்டில் எதை நினைவூட்டுகிறது? சகுந்தலையின் கால் முன்னே போகிறது, கண் பின்னே போகிறது. முள் வெறும் சாக்கு. அவளுக்குப் பின்னால் பால்மரத்தை ஒட்டியதும் அவள் துஷ்யந்தனைத் தேடும் பெண்ணாக இல்லை, தோட்டத்தை விட்டுப் போகும் நம் பெண்ணாகிவிடுகிறாள். படம் ஒன்றே, பக்கத்தில் வைப்பது மாறினால் பொருளும் மாறும்.

டாரோட்டில் சீட்டு தலைகீழாக வந்தால் வேறு பொருள் சொல்வார்கள். நீங்களும் திருப்பி வைத்துக் கேளுங்கள். "போகவில்லையென்றால் என்ன?" பிள்ளை அன்னத்தைக் காட்டி, "புதுப் பள்ளியிலிருந்து என் தோழிக்கு யார் செய்தி சொல்வார்கள்?" என்று கேட்கக்கூடும். அதன் உள்ளத்து முள் அதுதான். அந்த முள்ளைக் கிளி எடுத்துத் தராது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பிள்ளை சொல்லும் பொருளைத் தவறென்று திருத்தாதீர்கள். சீட்டைப் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். முடிவுக்குச் சம்பளம், வீடு, பள்ளி ஆகியவற்றின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் பிள்ளையின் சொல்லும் ஒரு வரியாக ஏறட்டும். அதற்குத்தான் இந்தச் சீட்டு.