சபுராளிகள் ஏன் ஊர் திரும்புகிறார்கள்?



காட்டுமன்னார்கோயிலை ஒட்டி, வீராணம் ஏரிக்கரையில் இருக்கிறது லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அரபிக் கல்லூரிக்கும் பேர்போன ஊர். இங்கே வளைகுடா நாடுகளில் சம்பாதிப்பவரைச் சபுராளி என்பார்கள். லீவில் வந்தவரைப் பார்த்தால் தெருவே கேட்கும்: “எப்ப வந்தீங்க? எப்ப பயணம்?” கேன்சலில் வந்துவிட்டார் என்று தெரிந்தால் இரண்டாவது கேள்வி வராது. விசாவை ரத்துசெய்து, கணக்கை முடித்து, ஒரேயடியாகத் திரும்பியவர் அவர்.

ஏன் திரும்புகிறார்கள்? மண்பாசம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் வளைகுடாவில் தங்கிவிடும் வழியே பெரும்பாலோருக்குக் கிடையாது. முப்பது வருடம் உழைத்தாலும் குடியுரிமை இல்லை. வேலை இருக்கும்வரைதான் இகாமா எனும் தங்கும் அனுமதி. இகாமா இருக்கும்வரைதான் இருப்பு. முதல் விமானம் ஏறும்போதே திரும்பும் பயணமும் எழுதப்பட்டுவிடுகிறது. எந்த வருடம் என்பதுதான் தெரியாது.

சில சமயம் அந்த வருடத்தைச் சரித்திரம் தீர்மானிக்கும். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, சுமார் 1,70,000 இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் இரண்டே மாதங்களில் அழைத்துவந்தன. 2013இல் சவூதி அரேபியா உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் விதியை இறுக்கியது. விதிமீறித் தங்கியவர்களுக்கு அளித்த பொதுமன்னிப்புக் காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். 2020 மே மாதம் கொரோனாவின் நடுவே, வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் தொடங்கின.

சத்தமில்லாமல் ஊருக்கு அனுப்பிய விதி ஒன்றும் உண்டு. 2017 ஜூலையில் சவூதி, உடன் தங்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் வரி போட்டது. வருடந்தோறும் நூறு கூட்டி, 2020இல் 400 ஆக்கியது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். ஒரு கடைநிலைத் தொழிலாளியின் முழுச் சம்பளமே பல இடங்களில் அவ்வளவு இருக்காது. முதலில் மனைவி மக்கள் திரும்பினார்கள். தனியே சமைத்துத் தின்று, செல்போன் திரையில் பிள்ளை வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, சில வருடங்களில் பின்னாலேயே வந்தார்.

சம்பளக் கணக்கும் மாறிவிட்டது. ஆயிரம் ரியால் என்றால் இருபதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வேலை தொடர்ந்து கிடைத்தால் ஒரு கொத்தனார் ஊரிலேயே அதை ஈட்டிவிட முடியும். ஏஜென்டிடம் வாங்கிய கடன் அடைந்து, வீடு எழும்பி, பெண்ணுக்குக் கல்யாணமும் முடிந்தால், பலருக்குப் போன காரியம் முடிந்துவிடுகிறது. வயதான அத்தா படுத்த படுக்கையாகிவிட்டால் அதற்கு முன்பே வரவேண்டியிருக்கும்.

உலகின் மறுகோடியிலும் இதே கதைதான். 2009 முதல் 2014 வரை சுமார் பத்து லட்சம் மெக்சிகோக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து தாய்நாடு திரும்பினார்கள். அதே காலத்தில் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் அதைவிடக் குறைவு. எல்லோரையும் போலீஸ் பிடித்து அனுப்பிவிட்டது என்றுதானே நினைப்போம்? நாடு கடத்தப்பட்டவர்கள் 14 சதவீதம்தான். 61 சதவீதம் பேர் சொன்ன காரணம் குடும்பம்.

திரும்பியவருக்கு அடுத்தது என்ன? கேரளத்தில் வெளிநாடு சென்றவர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. சந்தா கட்டி வந்தவருக்கு அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம் உண்டு. தமிழ்நாடு இதில் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. வேலை இழந்து திரும்பியவர்கள் சிறுதொழில் தொடங்க மானியக் கடன் தரும் திட்டத்தை அரசு 2021இல் அறிவித்தது. அயலகத் தமிழர் நல வாரியமும் பிறகு அமைந்தது. ஆனால் ஐம்பத்தைந்து வயதில், சர்க்கரையும் முதுகுவலியுமாக வந்து இறங்குபவருக்குக் கடன் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? கையிருப்பில் ஒரு மளிகைக்கடையோ செல்போன் கடையோ வைக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நான்கு கடைகள் ஏற்கெனவே இருக்கும். கடை ஓடவில்லையென்றால், அந்த வீட்டிலிருந்து அடுத்து பாஸ்போர்ட் எடுப்பவர் மகன்.