யார்? எப்போது?

சுங்கை பூலோவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள், ஐந்தாம் படிவத்தில், மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில், ஆங்கிலத் தேர்வைச் சந்திக்கிறார்கள்.

2021 முதல் அதற்கு நான்கு தாள்கள்: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். எழுத்துத் தாளில் ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று பகுதிகள். கடைசிப் பகுதிக்கு மட்டும் 200 முதல் 250 சொற்கள். இந்த அவசரத்தில்தான் வினைச்சொல் கைநழுவுகிறது.

மலாய் மொழியில் 'போ' என்பதற்கான 'பெர்கி' நேற்றைக்கும் நாளைக்கும் மாறாது. அதே பழக்கத்தில் 'ஷி கோ யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் போனாள், போகிறாள், போவாள் என்று காலம் பிரிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வந்துவிட்டதே! ஆங்கிலம் படிக்கும்போது தமிழை ஒதுக்கி வைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

தேர்வு நெருங்கும்போது புதிய பயிற்சி நூல் வேண்டாம். ஆசிரியர் திருத்திய பழைய கட்டுரையை எடுத்து, வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வேறு சொற்கள் புகுந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 'த புக்ஸ் ஆன் த டேபிள் இஸ்' என்று எழுத வைப்பது பக்கத்தில் நிற்கும் டேபிள். எழுவாய் புக்ஸ், ஆகவே 'ஆர்'.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். அடிக்கோடிட்ட ஒவ்வொரு வினைக்கும் "யார்? எப்போது?" என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் பதில் சொல்லட்டும். பிறகு தான் எழுதிய ஆங்கில வினையை அதோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும்.