செய்தபின் சிந்தித்தல்

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மன்றத்தில் வர்த்தகமும் முகாமைத்துவமும் பயிலும் மாணவர் பலர் இருக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படத்தக்க ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே, நல்ல முகாமையாளர் ஒருவர் எவ்வாறு உருவாகின்றார் என்னும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கின்றேன். நான் கூறவிருக்கும் விடை மிகச் சுருக்கமானது. செய்வதற்கு முன் சிந்திக்கவேண்டும் என்று நமக்கு எல்லோரும் சொல்லித்தந்திருக்கின்றார்கள். செய்தபின் சிந்திக்கவேண்டும் என்று சொல்லித்தருவோர் குறைவு. அந்தப் பின்சிந்தனையே அநுபவத்தை அறிவாக்குகின்றது.

தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்துவைத்தார். இக்கால முகாமைத்துவ நூல்களும் திட்டமிடலையே முதற் பாடமாக வைக்கின்றன. அது சரியே. ஆனால் காரியம் முடிந்தபின் நாம் என்ன செய்கின்றோம்? வெற்றி கிடைத்தால் மாலை சூட்டிக்கொள்கின்றோம். தோல்வி வந்தால் யார் குற்றவாளி என்று தேடுகின்றோம். இரண்டு வழியிலும் அந்தக் காரியம் நமக்குக் கற்பிக்கவிருந்த பாடம் கைநழுவிப் போய்விடுகின்றது.

நம்மிடையே பழைய வியாபாரிகள் சிலரைப் பார்த்திருப்பீர்கள். கடையை அடைத்தபின் காசேட்டைக் கூட்டிப் பெட்டியிலுள்ள பணத்தை எண்ணி, இரண்டும் ஒத்துவந்தாலொழிய அவர்கள் வீடு போகமாட்டார்கள். ஐந்து ரூபா இடித்தாலும் அதன் காரணம் தெரியவேண்டும். பணத்துக்கு இவ்வளவு கண்டிப்பாகக் கணக்கு வைக்கின்ற நாம், அன்று நாம் செய்த தீர்மானங்களுக்குக் கணக்கு வைப்பதில்லை. ஒருவருக்குக் கடன் கொடுத்தோம், ஒருவருக்கு மறுத்தோம், ஓர் ஊழியரைக் கடிந்தோம், ஒரு சரக்கை அதிகமாக வாங்கினோம். ஏன் அப்படிச் செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது? இந்தக் கணக்கைத்தான் அறிஞர்கள் மீள்நோக்கு என்கின்றனர்.

இது நேற்று முளைத்த கொள்கையன்று. அமெரிக்கத் தத்துவஞானியும் கல்வியாளருமான ஜோன் டூயி 1910ஆம் ஆண்டில், நாம் எவ்வாறு சிந்திக்கின்றோம் என்பது பற்றி ஒரு நூல் எழுதினார். மனம் ஒரு மயக்கத்தில் அல்லது இடர்ப்பாட்டில் தடுக்கி நிற்கும்போதே உண்மையான சிந்தனை தொடங்குகின்றது என்பது அவர் கருத்து. 1933இல் அந்நூலைத் திருத்தி வெளியிட்டபோது, அத்தகைய சிந்தனைக்கு மூன்று குணங்கள் வேண்டும் என்றார்: திறந்த மனம், முழுமனதான ஈடுபாடு, விளைவுக்குப் பொறுப்பேற்கும் பண்பு.

அவர் வழிவந்த டொனால்ட் ஷோன் என்பவர் 1983இல் வெளியிட்ட நூலில், கட்டடக்கலைஞர், பொறியியலாளர், நகரத் திட்டமிடுவோர், முகாமையாளர் முதலியோர் தங்கள் வேலையை உண்மையில் எப்படிச் செய்கின்றனர் என்று ஆராய்ந்தார். தொழில் உலகில் உறுதியான மேட்டு நிலமும் உண்டு, சேறுபட்ட தாழ்நிலமும் உண்டு என்றார். மேட்டு நிலத்துப் பிரச்சினைகளைச் சூத்திரங்களால் தீர்த்துவிடலாம். மனிதருக்கு மிக வேண்டிய பிரச்சினைகளோ தாழ்நிலத்தில் கிடக்கின்றன. அங்கே பாடப்புத்தகம் பாதி வழிதான் வரும். மீதி வழிக்கு, செய்துகொண்டிருக்கும்போதே சிந்திப்பதும், செய்து முடித்தபின் சிந்திப்பதும் ஆகிய இரண்டும் வேண்டும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். முகாமைத்துவம் பயிலும் ஒரு மாணவன் பயிற்சிக்காக ஒரு மொத்த வியாபார நிலையத்தில் சேர்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போகவேண்டிய சரக்கு இரண்டு நாள் தாமதமாகின்றது. அன்றிரவு அவன் தன் குறிப்பேட்டில், “களஞ்சியக்காரரின் கவலையீனத்தால் சரக்குப் பிந்தியது” என்று எழுதுகின்றான். இது முறைப்பாடு, மீள்நோக்கு அன்று. மறுநாள் அவன் அதே ஏட்டை எடுத்துத் தன்னையே கேட்கின்றான்: நான் எப்பொழுது சொன்னேன்? லொறி வந்து நின்ற அவசரத்தில் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? வாய்வார்த்தையாகச் சொன்னேன். அவர் விளங்கிக்கொண்டார் என்று எதைக்கொண்டு நம்பினேன்? அவர் தலையசைத்தார். வயதில் மூத்த ஒருவர் நேற்று வந்த இளைஞனிடம், “தம்பி, எனக்கு விளங்கவில்லை” என்று பலர் முன்னிலையில் சொல்வாரா? இப்பொழுது பாடம் கிடைத்துவிட்டது. களஞ்சியக்காரரிடம் குறையே இல்லை என்பதன்று பாடம். தலையசைப்பை உடன்பாடாக எடுத்துக்கொள்ளும் தன் வழக்கமும் அதில் ஒரு பங்கு என்பதே பாடம். அந்த வழக்கத்தை அவன் திருத்தினால், எந்தக் கந்தோருக்குப் போனாலும் அந்தப் பாடம் அவனோடு போகும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். கிறிஸ் ஆர்ஜிரிஸ் என்னும் பேராசிரியர், ஷோனுடன் சேர்ந்து, கற்றலை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். அறையின் வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி, குளிர்ந்தால் சூட்டைக் கூட்டும், சூடானால் குறைக்கும். அது பிழையைத் திருத்துகின்றது. ஆனால் ‘இந்த அளவுதான் சரியா?’ என்று அது கேட்பதில்லை. பெரும்பாலான முகாமையாளர் இந்தக் கருவியைப் போன்றவர்களே. தங்கள் அடிப்படை எண்ணத்தையே கேள்விக்கு உட்படுத்துவது இரண்டாம் வகைக் கற்றல். 1991இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆர்ஜிரிஸ் இன்னொன்றும் கூறினார். மிகக் கெட்டிக்காரரே இவ்வாறு கற்பதில் பின்தங்குகின்றனர். ஏனெனில் தோல்வி அவர்களுக்குப் பழக்கமில்லை. அது வரும்போது பழியை வெளியே தள்ளுவதற்கே அவர்களுடைய கெட்டித்தனம் செலவாகின்றது. சோதனைகளில் முதல் வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள் இதனை மனத்திற் கொள்வது நன்று.

ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ, ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும்படி தம் ஊழியரைப் பழக்கினார். இயந்திரம் நின்றது ஏன்? சுமை கூடிப் பியூஸ் எரிந்தது. சுமை கூடியது ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. போதாதது ஏன்? எண்ணெய்ப் பம்பு சரியாக இறைக்கவில்லை. இறைக்காதது ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. தேய்ந்தது ஏன்? வடி ஒன்று பொருத்தாமையால் உலோகத் துகள் உள்ளே புகுந்தது. முதற் கேள்வியோடு நின்றவன் பியூஸை மாற்றிவிட்டுப் போவான். சில மாதத்தில் இயந்திரம் மறுபடியும் நிற்கும். ஐந்தாவது கேள்விவரை போனவன் ஒரு வடியைப் பொருத்துவான்.

மாணவரை உருவாக்கும் முறையிலும் இது இடம்பெற்றுவிட்டது. கனடாவிலுள்ள மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பேர்க், நிருவகித்த அநுபவம் இல்லாத இளைஞரை வகுப்பறையில் மட்டும் வைத்து முகாமையாளராக்க முடியாது என்று வாதித்தவர். 1996இல் அவரும் பல நாட்டு அறிஞரும் சேர்ந்து, தொழிலில் உள்ள முகாமையாளருக்கென ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கினர். இங்கிலாந்து, கனடா, இந்தியா முதலிய நாடுகளில் நடந்த அப்படிப்பின் முதற் பகுதியே மீள்நோக்கு மனப்பான்மை. ஒவ்வொரு நாட் காலையிலும் மாணவர் முதலில் தனியே எழுதி, பிறகு தம்முள் கலந்துபேசிய பின்னரே பாடம் தொடங்கியது.

நம் நாட்டிலும் பிறநாடுகளிலும் இன்று முகாமைத்துவம் பயிலும் மாணவர் பலர் பயிற்சிக் காலத்தில் குறிப்பேடு எழுதுகின்றனர். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. புள்ளிக்காக எழுதும்போது மாணவர் விரைவில் ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொள்கின்றனர்: ஒரு சிறு குற்றம், உடனே ஒரு மனமாற்றம், முடிவில் ஓர் அழகிய பாடம். ஆசிரியர் மகிழ்வார், மாணவர் மாறமாட்டார். ஆகவே ஆசிரியர்கள் மனவருத்தத்துக்குப் புள்ளி கொடாமல், என்ன சொல்லப்பட்டது, என்ன செய்யப்பட்டது என்ற விபரங்கள் உள்ளனவா என்று பார்த்துப் புள்ளி கொடுக்கவேண்டும். இன்னொரு பக்கத்தில், நடந்ததையே நினைத்து நினைத்து மனம் புழுங்குவதும் மீள்நோக்கு அன்று. அடுத்த முறை என்ன செய்வேன் என்ற ஒரு வரியில் முடியாத சிந்தனை வெறும் கவலையே.

இளைஞர்களே, நீங்கள் செய்யத்தக்கது சிறிது. நாளுக்குப் பதினைந்து நிமிடம், ஒரு கொப்பி, ஒரு பேனை. அன்று செய்த ஒரே ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, இரண்டும் வேறுபட்டது ஏன், அதில் என் பங்கு எவ்வளவு, அடுத்த முறை எதை மாற்றுவேன், எதை அப்படியே வைத்துக்கொள்வேன்? அமெரிக்கத் தரைப்படை 1970களிலிருந்து தன் பயிற்சிகளின் முடிவில் கேட்டுவரும் கேள்விகளும் ஏறத்தாழ இவையே. அங்கே கீழ்நிலைச் சிப்பாயும் தளபதி முன்னிலையில் தான் கண்டதைச் சொல்லலாம்.

இதனைப் பழகுவதற்கு நீங்கள் உத்தியோகம் கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இம்மன்றமே ஒரு பயிற்சிக்கூடம். விழா முடிந்தபின் நாம் கணக்கறிக்கை வாசிக்கின்றோம்; நன்றியுரை கூறுகின்றோம்; கலைந்துவிடுகின்றோம். அடுத்த ஆண்டு புதிய செயற்குழு அதே கதிரைக்கும் அதே ஒலிபெருக்கிக்கும் அதே கடைசி நேரத்தில் ஓடுகின்றது. விழா முடிந்து ஒரு கிழமைக்குள் செயற்குழு ஒருமுறை கூடி, மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதிவைத்தால், அடுத்துவரும் குழு உங்கள் அநுபவத்தின்மேல் நின்று தொடங்கும்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஓர் இளைஞன் தான் விட்ட பிழையைத் தானாகவே வந்து சொல்லும்போது, நாம் முதலிற் காட்டும் முகமே அவன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது. ஏசினால், அடுத்த பிழையை அவன் மறைப்பான். நாளடைவில் தன்னிடமே மறைக்கப் பழகுவான். அத்தகைய ஒருவன் நாளை நூறு பேருக்கு மேலாளனாக அமர்ந்தால், அந்த நூறு பேரும் பிழைகளை மறைக்கவே கற்பார்கள். “சரி தம்பி, என்ன நடந்தது, சொல்லு” என்று இருக்கையைக் காட்டினால், அவன் கணக்கை நேர்மையாகத் திறந்து காட்டுவான்.

இம்மன்றத்து இளைஞர்கள் நாளை எந்த நிலையத்தில் எந்தப் பதவியை வகித்தாலும், பணக்கணக்கைப் போலவே தீர்மானக் கணக்கையும் ஒவ்வொரு நாளும் முடித்து எழுபவர்களாக விளங்கவேண்டும் என்று வாழ்த்துகின்றேன்.