64 கட்டம், 64 ஓட்டு



செஸ் பலகையில் 64 கட்டங்கள் இருக்கின்றன. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். நாட்டில் செஸ் விளையாட்டை நடத்தும் சங்கத்துக்கு 2021-இல் தேர்தல் நடந்தது. அதிலும் 64 ஓட்டுகள்தான். இது பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. இன்றைய பேச்சு அந்த ஓட்டுகளைப் பற்றியது.

"நமக்கும் செஸ் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கொனேரு ஹம்பி கிருஷ்ணா மாவட்டத்துப் பெண். துரோணவல்லி ஹரிகா குண்டூர்ப் பெண். இருவரும் உலகம் அறிந்த ஆட்டக்காரர்கள். 2024 டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆன குகேஷ் சென்னையில் பிறந்தவர், தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. இவர்களைப் பார்த்து சித்தூரிலும் திருப்பதியிலும் பிள்ளைகள் செஸ் பலகை கேட்கிறார்கள்.

புத்தூரில் ஒரு பெண் குழந்தை நன்றாக ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் மாவட்டத்தில் ஜெயிக்க வேண்டும். பிறகு மாநிலத்தில். அதன் பிறகுதான் தேசியப் போட்டி. ஒவ்வொரு படியிலும் ஒரு சங்கம் இருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டும். பஸ் சார்ஜ், சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் தனி. அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூடப் போக வேண்டும்.

இந்தச் சங்கங்களுக்கெல்லாம் மேலே இருப்பது அகில இந்திய செஸ் கூட்டமைப்பு. 1951-இல் தொடங்கியது. இதன் தலைவரையும் செயலாளரையும் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆட்டக்காரர்கள் அல்ல. மாநிலச் சங்கங்கள்தான். 2021 தேர்தலில் ஒரு மாநிலச் சங்கத்துக்கு 2 ஓட்டு. மொத்தம் 64. எத்தனை மெடல் வாங்கியிருந்தாலும், ஆட்டக்காரர் என்ற முறையில் ஹம்பிக்கு அதில் ஓட்டு இல்லை. புத்தூர்க் குழந்தையின் அப்பாவுக்கும் இல்லை.

மண்டலத் தலைவரை எம்.பி.டி.சி. உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா? அது மாதிரிதான் இதுவும். ஆனால் எம்.பி.டி.சி. உறுப்பினருக்கு நாம் ஓட்டுப் போடுகிறோம். ஐந்து வருடம் கழித்து வாசலுக்கு வந்து நின்றால் நாலு கேள்வி கேட்கிறோம்.

2020-இல் கூட்டமைப்பு இரண்டாகப் பிரிந்தது. தலைவர் பி.ஆர். வெங்கட்ராம ராஜா ஒரு பக்கம். செயலாளர் பரத் சிங் சவுகான் ஒரு பக்கம். சண்டை சென்னை ஐகோர்ட்டு வரை போனது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தேர்தலை நடத்தினார். 2021 ஜனவரி 4 அன்று ஓட்டுப் பதிவு நடந்தது. தலைவர் பதவிக்கு உத்தரப் பிரதேசத்தின் சஞ்சய் கபூருக்கு 33 ஓட்டு. வெங்கட்ராம ராஜாவுக்கு 31. இரண்டே ஓட்டு வித்தியாசம்! செயலாளர் பதவிக்குச் சவுகான் மறுபடியும் நின்றார். அவருக்கு 35. எதிர்த்து நின்ற ரவீந்திர டோங்ரேவுக்கு 29.

35 பெரிதா, 29 பெரிதா? 35 பெரிது. ஆகவே சவுகான் ஜெயித்தார் என்று அறிவித்தார்கள்.

டோங்ரே விதியை எடுத்துப் படித்தார். விளையாட்டுச் சங்கங்களுக்கு மத்திய அரசு 1975-லேயே ஒரு விதி போட்டிருந்தது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மறுபடியும் வர வேண்டுமானால் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் போதாது. மூன்றில் இரண்டு பங்கு வாங்க வேண்டும் என்று அது சொன்னது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 64-ஐ மூன்று பங்கு வையுங்கள். ஒரு பங்கு 21-க்குச் சற்று அதிகம். இரண்டு பங்கு 42-க்கு மேலே போகிறது. ஓட்டைத் துண்டு போட முடியாது. ஆகவே 43 வேண்டும். சவுகான் வாங்கியது 35. எட்டு ஓட்டு குறைவு.

ஏன் இப்படி ஒரு விதி? பதவியில் இருப்பவர் கையில் சாவி இருக்கிறது. எந்த ஊரில் போட்டி நடத்துவது, வெளிநாட்டுக்கு அணியோடு யாரை அனுப்புவது எல்லாம் அவர் சொல்லில் நடக்கும். அவரைப் பகைத்துக்கொள்ள ஓட்டுக்காரர்கள் தயங்குவார்கள். அதனால்தான் அவருக்கு மட்டும் கோட்டை உயரத்தில் போட்டார்கள். சவுகான் தப்புக் காரியம் செய்தார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வழக்கு ஓட்டுக் கணக்கைப் பற்றியது.

2022 ஜூனில் டெல்லி ஐகோர்ட்டு அந்தத் தேர்வு செல்லாது என்று சொன்னது. அப்போது ஒரு சிக்கல். சென்னைக்குப் பக்கத்தில் மாமல்லபுரத்தில் ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடங்க இருந்தது. உலக நாடுகள் எல்லாம் வருகின்றன. அதை நடத்தும் பொறுப்பும் சவுகானிடம்தான். கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகு சமையல்காரரை மாற்றுவது எப்படி? சுப்ரீம் கோர்ட்டு அவரை ஆகஸ்ட் 15 வரை பதவியில் இருக்க விட்டது. போட்டி நன்றாகவே நடந்தது. ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். பெண்கள் அணிக்கு வெண்கல மெடல் கிடைத்தது.

ஆனாலும் தேர்தல் 2021 ஜனவரியில். தீர்ப்பு 2022 ஜூனில். நடுவே 17 மாதங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் ஓட்டு எண்ணிய அன்றே சொல்லியிருக்கலாம்.

இன்னொரு சங்கதி. கூட்டமைப்பு அனுமதிக்காத போட்டியில் ஆடினால் ஆட்டக்காரருக்குத் தடை என்று முன்பு வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் சிலர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார்கள். அது 2011-ஆம் ஆண்டு வழக்கு. 2018-இல் ஆணையம் கூட்டமைப்புக்குச் சுமார் 6 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. ஏழு வருடம்! பத்து வயதில் ஆடத் தொடங்கிய பிள்ளைக்கு அதற்குள் பதினேழு ஆகிவிடும்.

உலக செஸ் சங்கத்துக்குப் பிடே என்று பெயர். அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. ரஷ்யாவின் கிர்சான் இல்யூம்ஜினோவ் 1995 முதல் 2018 வரை, 23 வருடம், தலைவராக இருந்தார். அவர்மேல் அமெரிக்கா தடை போட்டது. கடைசியில் சுவிஸ் வங்கி பிடேயின் கணக்கையே மூடியது. ஒரு ஆளால் சங்கத்தின் பாஸ் புத்தகம் முடங்குவது என்றால் என்ன என்று டுவாக்ரா குழுத் தாய்மார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2024 மார்ச்சில் இந்தியக் கூட்டமைப்புக்குப் புதிய நிர்வாகிகள் வந்தார்கள். நிதின் நாரங் தலைவர் ஆனார். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் விளையாட்டுச் சங்கங்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும், பேர் பெற்ற ஆட்டக்காரர்களும் இருக்க வேண்டும் என்று அதில் உள்ளது. சட்டம் டெல்லியில் இருக்கிறது. மாவட்டச் சங்கம் நம் ஊரில் இருக்கிறது.

பிள்ளை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்போது தாய் தகப்பன் வெளியே மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நிர்வாகிகளிடம் மரியாதையாகக் கேட்கலாம். "ஐயா, சங்கத்துக்குக் கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது? ஓட்டுப் போட்டவர்கள் யார் யார்? விதிப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்கள், படித்துவிட்டுத் தருகிறோம்." கட்டிய பணத்துக்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.