முதிய தந்தையர் கீழே விழுதல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



செயலாளர் அவர்கள் எங்களுக்கு அளித்த தலைப்பு ‘முதியோர் நலம்’ என்பது. அது கடல். நாங்களோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தா வர்க்கம். ஆதலின் கடலை விட்டுவிட்டு, எங்கள் இல்லத்தில் நாங்கள் கண்டறிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறோம். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்ட முதிய தந்தையர் ஏன் அடிக்கடி கீழே விழுகின்றனர் என்பதே அது. தாய்மார்கள் நிறைந்த அவையில் இந்தச் சுரப்பியைப் பற்றிப் பேசலாமா என்று ஓர் அன்பர் கேட்டார். பேசாமையால் விளையும் துன்பத்தை நோக்கின், பேசுவதே தகும்.

எங்கள் தந்தையாருக்கு வயது 78. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் இருந்தவரைச் சிகிச்சையின் பொருட்டு நாகபுரிக்கு அழைத்து வந்தோம். வந்த ஐந்து மாதங்களில் மும்முறை விழுந்தார். முதன்முறை, எலி ஓடிற்று என்றார். இரண்டாம் முறை, கால் இடறிற்று என்றார். மூன்றாம் முறை நெற்றியில் காயம் இருந்தமையால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. காட்டிய இடத்தில் மருத்துவர் ஒருவர், “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று கூறிக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

இவ்விடத்தில் எங்கள் இலாகாவைப் பற்றி ஒரு சொல். வண்டி தடம் புரண்டால், ‘வண்டி பழையது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட முடியாது. தண்டவாளம், சக்கரம், வேகம், விளக்கு, பணியாளர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பது வரை கேட்பார்கள். மனிதர் தடம் புரண்டால் மட்டும் ஏன் ‘வயது’ என்ற ஒரு சொல்லோடு விசாரணையை முடிக்க வேண்டும்? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். விழுந்த நேரம், இடம், காலில் என்ன இருந்தது, முன்னர் எந்த மாத்திரை உட்கொண்டார் என்று எழுதினோம். விழாமல் தடுமாறியதையும் எழுதினோம். மூன்று வீழ்ச்சிகளும் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே, கழிவறைக்குச் செல்லும் வழியில் நிகழ்ந்தவை என்பது அப்பொழுதுதான் கண்ணில் பட்டது.

இனி, காரணங்களைக் கேளுங்கள். இந்நோய் ஆண்மைச் சுரப்பு நீரை உண்டு வளர்வது. அந்நீரை அகற்றினால் நோய் ஒடுங்கும் என்பதைச் சிகாகோவில் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941ஆம் ஆண்டில் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். நம்மவர் பலர் நாடிச் செல்லும் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டதும் அதே 1941இல்தான். இன்றும் அம்முறையே அடிப்படை. விதைகளை அறுவையால் அகற்றுகின்றனர். அல்லது சில மாதங்களுக்கு ஒரு முறை ஊசி இடுகின்றனர். நோய் அடங்கிப் பல்லாண்டு வாழ்வோர் உண்டு. ஆயினும், அதே சுரப்பு நீர்தான் தசையையும் எலும்பையும் தாங்கி நிற்பது. அது போனால் தொடைத் தசை கரையும், எலும்பு மெலியும், சோர்வு மிகும், இரவில் திடீரென உடல் கொதித்து உறக்கம் கெடும். 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் கண்டபின் ஐந்தாண்டேனும் வாழ்ந்தவர்களுள், இச்சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 19.4 பேருக்கும் பெறாதோரில் 12.6 பேருக்கும் எலும்பு முறிந்தது தெரிய வந்தது. அண்மைக் காலத்து மாத்திரைகளுள் சிலவும் விழும் இயல்பை மிகுவிக்கின்றன. அபலூட்டமைடு என்பதன் 2018ஆம் ஆண்டுச் சோதனையில், மருந்து உண்டோரில் நூற்றுக்கு 15.6 பேர் விழுந்தனர். வெற்று மாத்திரை உண்டோரில் 9 பேர்.

அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. நோயை அடக்குவது அதுவே. விழுந்ததை மருத்துவரிடம் சொல்லுவதே நம் வேலை.

அடுத்தது இரவு. சிறுநீர் நெருக்கும், எழுந்து ஓட வேண்டும். நீர் எளிதிற் பிரியத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளோ, எழுந்து நிற்கும்பொழுது சிலருக்கு இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். படுக்கையினின்று எழுந்த மூன்று நிமிடத்திற்குள் மேல் அளவு 20 புள்ளி குறைந்தால் அது கவனிக்கத்தக்கது. நாற்காலியில் உட்கார வைத்தே அளந்து அனுப்பினால் இது புலப்படுவதேயில்லை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய இன்னொரு மருத்துவர்தாம் எங்கள் தந்தையாரைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளந்தார். அளந்தபின் மாத்திரையை மாற்றினார். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கச் செய்து, பல் மருத்துவரிடம் அனுப்பிய பின்னரே எலும்பு வலுவுக்கான ஊசியைத் தொடங்கினார். அவ்வூசியால் சிலருக்குத் தாடை எலும்பு கெடுவதுண்டாம்.

மூன்றாவது காரணம் அஞ்சத்தக்கது. இந்நோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் தொடை எலும்புக்கும் பரவுவது வழக்கம். விழுந்ததால் எலும்பு முறிந்ததா, எலும்பு முறிந்ததால் விழுந்தாரா என்று சில வேளை ஐயுற வேண்டியிருக்கும். புதிதாக முதுகுவலி, கால் வலுவிழத்தல், மரத்துப் போதல், நீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது நின்றுவிடுதல் கண்டால், தண்டுவடம் நசுங்குகிறதோ என்று ஐயுற்று அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பாராதீர்கள். ஒரு நாள் தாமதத்தில் நடக்கும் மனிதர் நடவாமற் போகலாம்.

வீட்டைப் பற்றி. நம் குவார்ட்டர்ஸ்களில் குளியலறை வாயிலில் ஒரு படி உண்டு. அதன்மேல் வெள்ளை வர்ணம் பூசுங்கள். சுவரில் இரும்புப் பிடி பதியுங்கள். துண்டு போடும் கம்பியை நம்பினால் கம்பியும் மனிதரும் சேர்ந்தே வருவர். நாகபுரிக் குளிருக்குக் கம்பளிக் காலுறை இன்பந்தான். மொசைக் தரையில் அது பனிச்சறுக்கு. வேட்டியைத் தரையிற் புரளவிடாமல் ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். எழுமுன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணுக்காலை அசைத்து, பின்னரே நிற்க வேண்டும். ஊருக்குச் செல்லும் வண்டியில் 60 வயது நிரம்பிய ஆடவருக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, அதை விடாதீர்கள்.

எளிய சோதனை ஒன்று: நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்பர். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது தொடைக்கு நல்ல பயிற்சி. நோய் எலும்பில் இருப்பின் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இவையெல்லாம் எளியவை. கடினமானது ஒன்றே. கட்டிலருகே சிறுநீர்ப் புட்டி வைத்தபொழுது, தந்தையார் அதனைத் தொட மறுத்துவிட்டார். “மருமகள் எடுத்துக் கொட்ட, நான் பார்த்துக்கொண்டு கிடப்பதா?” என்றார். ஊரில் பஞ்சாயத்துப் பேசியவர்; இங்கே பாஷை தெரியாத தெருவில், மகன் வீட்டில், நான்கு சுவருக்குள் இருக்கிறார். எஞ்சியிருப்பது அந்த மானம் ஒன்றே. விழுந்ததை அவர் மறைத்ததும் அதனால்தான்; சொன்னால் வாயிற்படி தாண்ட விடமாட்டோம் என்று அஞ்சினார். “அப்பா, விடிவதற்குள் நாங்களே எடுத்துவிடுகிறோம், யார் கண்ணிலும் படாது. காலையில் பூங்காவுக்கும் போகலாம்” என்று சொன்னோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு புட்டி பயன்பட்டது. இன்றளவும் காப்பி கலப்பதற்கு முன் அது கழுவிக் கவிழ்க்கப்பட்டு விடுகிறது. மாலையில் பூங்கா உண்டு. துணைக்குப் பேரன் போகிறான், ஆனால் தாத்தாவே பேரனை அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.

விழுந்துவிட்டால் பதறிக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். எங்கே வலி என்று கேளுங்கள். இடுப்பில் வலித்தாலோ காலூன்ற முடியாவிட்டாலோ அசைக்காமல் ஆம்புலன்சை வரவழையுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கைத்தடி ஒன்று பாக்கி. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுவே தடியின் உயரம். வலுக்குறைந்த காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். இம்மண்டபத்தில் நாங்கள் பார்த்தவரை பெரும்பாலான தடிகள் உயரம் மிஞ்சியவை. இசை நிகழ்ச்சி தொடங்குமுன் வாயிலருகே அளவு நாடாவோடு நிற்கிறோம். மரத்தடியாயின் அறுப்பதற்கு ரம்பமும் கொண்டுவந்துள்ளோம். பெரியவர்கள் வரலாம்.